பின்சீட்டிலிருந்து கார் வாங்குவது

தருமபுரியிலிருந்து சேலம் போகும் சாலையில் பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டினால் ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே வண்டி வேகம் பிடிக்கும். தொப்பூர் கணவாய் அங்கே தொடங்குகிறது. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், இறக்கமும் வளைவும் ஒன்றுசேர்ந்த சில கிலோமீட்டர் தூரம் அது. சரக்கேற்றிய லாரிகளில் சில டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும். எஞ்சினின் பிடிப்பு இல்லாததால் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலைக்குப் போகும். 2020 டிசம்பர் 12 அன்று சிமெண்ட் ஏற்றிவந்த லாரி ஒன்று இப்படிக் கட்டுப்பாடு இழந்து, முன்னால் நின்ற பத்துக்கும் மேற்பட்ட வாகனங்களை நொறுக்கியதில் 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று லாரிகளுக்கு நடுவே சிக்கிய கார் தீப்பிடித்தது. அந்த விபத்திலும் 4 உயிர்கள் போயின. கண்காணிப்பு கேமராவில் பதிவான அந்தக் காட்சியைத் தமிழ்நாடே கைபேசியில் பார்த்தது.

ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் மேம்பாலம் வேண்டும், வேகக் கேமரா வேண்டும், லாரிகளைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று பேச்சு எழுகிறது. எல்லாமே நியாயமான கோரிக்கைதான். ஆனால் அதே சாலையில் சேலத்து மருத்துவமனைக்கும், அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்கும், காது குத்துக்கும் கல்யாணத்துக்கும் போகும் கார்களின் உள்ளே எட்டிப் பார்த்தால் இன்னொரு விஷயம் கண்ணில் படும். கைக்குழந்தை முன்சீட்டில் அம்மா மடியில் இருக்கும். மூன்று வயதுப் பையன் பின்சீட்டில், முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டி நின்றுகொண்டிருப்பான். வண்டி எடுத்தவர் மைலேஜ் விசாரித்திருப்பார், சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்டிருப்பார், டெலிவரி நாளில் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். குழந்தை எங்கே, எதில் உட்காரும் என்ற கேள்வி மட்டும் ஷோரூமில் எழுந்திருக்காது.

மடியில் வைத்திருந்தால் பத்திரம் என்ற நம்பிக்கை கணக்கில் நிற்பதில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். அந்த வேகத்தில் போகும் கார் ஒரு புளியமரத்தில் மோதினால் சுமார் பத்தில் ஒரு வினாடிக்குள் நின்றுவிடும். உள்ளே இருப்பவர்கள் நிற்பதில்லை. அவர்கள் உடல் அதே 14 மீட்டர் வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருக்கும், ஏதாவது ஒன்று தடுக்கும்வரை. அந்தப் பத்தில் ஒரு வினாடியில் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால் ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தாங்கும் பலம் கைகளில் வேண்டும். அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல்; கை இறுக வேண்டும் என்று மூளை உத்தரவிடுவதற்கே பத்தில் இரண்டு வினாடியாவது ஆகும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இதே வேகத்தை உயரமாக மாற்றிச் சொன்னால், மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து கீழே விழுவதற்குச் சமம். அம்மாவும் பெல்ட் போடவில்லை என்றால் நிலைமை இன்னும் மோசம். அவருடைய முழு எடையும் குழந்தையின் மேல் விழ, டேஷ்போர்டுக்கும் அவருக்கும் நடுவில் குழந்தை நசுங்கும்.

இருவருக்கும் சேர்த்து ஒரே பெல்ட்டைச் சுற்றிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அதுவும் இதே விளைவைத்தான் தரும். பெல்ட்டுக்கும் பெரியவருக்கும் இடையில் அகப்படுவது குழந்தை.

பெல்ட்டும் குழந்தைக்கான தனி இருக்கையும் மோதலின் விசையை இல்லாமல் ஆக்குவதில்லை. உடலில் விசையைத் தாங்கக்கூடிய எலும்புகளின் மேல் அதைப் பரப்பி, நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக் கொடுக்கின்றன, அவ்வளவுதான். வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் 1959இல் வடிவமைத்த மூன்றுமுனை பெல்ட் பெரியவரின் தோள் எலும்பிலும் இடுப்பெலும்பிலும் அந்த விசையை இறக்குகிறது. அவை வளர்ந்த மனிதனின் எலும்புகள். பிறந்த குழந்தைக்குத் தலை மட்டுமே உடல் நீளத்தில் கால் பங்கு. கழுத்து எலும்புகள் முழுதாக இறுகியிருக்காது, பெரும்பகுதி குருத்தெலும்புதான். முன்னோக்கி உட்காரவைத்து உடலை மட்டும் பெல்ட்டால் கட்டிவிட்டால், மோதலின்போது உடல் நிற்கும், கனமான தலை முன்னே பாயும். இழுபடுவது கழுத்தும் அதற்குள் ஓடும் தண்டுவடமும்.

இந்தச் சிக்கலுக்கு விடை விண்வெளியிலிருந்து வந்தது. ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகு முழுக்கப் பதிந்த நிலையில் படுத்தபடி ஏவுதலின் விசையைத் தாங்கும்படி அமைத்த இருக்கைகளைப் பார்த்த ஸ்வீடன் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், அதே யோசனையைக் காருக்குக் கொண்டுவந்தார். 1964இல் வோல்வோ பிவி 544 காரில் அவர் சோதித்த இருக்கையில் குழந்தை வண்டியின் பின்புறத்தைப் பார்த்து உட்கார்ந்தது. முன்னால் மோதினால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாக இருக்கையின் முதுகுப்பலகையில் அழுந்தும். கழுத்து தனியாக இழுபட வாய்ப்பில்லை. கடும் காயம் ஏற்படுத்தும் மோதல்களில் முன்பக்க மோதலே அதிகம் என்பதால் இந்தத் திசைமாற்றம் பெரும் பலன் தந்தது. கார் விபத்தில் கைக்குழந்தைகள் இறக்கும் வாய்ப்பைச் சரியான குழந்தை இருக்கை 71 சதவீதம் குறைக்கிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கு. 1 முதல் 4 வயதுவரை அது 54 சதவீதம்.

ஸ்வீடனில் நான்கு வயதுவரை பின்னோக்கியே உட்கார வைக்கிறார்கள். ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஆர்129 விதியின்படி குறைந்தது 15 மாதம். "கால் மடங்கிக் கிடக்கிறதே, பிள்ளைக்கு வலிக்காதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். குழந்தைகள் சம்மணமிட்டும் காலை மேலே தூக்கியும் சுகமாகவே இருப்பார்கள். ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யக்கூடாது: முன்சீட்டில் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருக்கும்போது, பின்னோக்கிய இருக்கையை அங்கே வைப்பது. ஏர்பேக் மணிக்கு 300 கிலோமீட்டர் வரையான வேகத்தில் விரியும். அது நேராக மோதுவது குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் பலகையில்.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச்சென்றால் ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் அபராதம். ஹெல்மெட் சோதனை நடக்கும் அளவுக்கு இதற்காக யாரையாவது மறித்துக் கேட்பதை எங்கும் காணமுடிவதில்லை. பின்சீட்டுக்காரர்கள் பெல்ட் போடுவதே நம் ஊரில் அபூர்வம். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மும்பை அருகே பால்கர் மாவட்டத்தில் பெல்ட் போடாமல் பின்சீட்டில் பயணித்து இறந்தபின் சில மாதங்களுக்கு அந்தப் பேச்சு இருந்தது. அந்த ஆண்டில் மட்டும் பெல்ட் அணியாத நிலையில் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 8,331 பேர் பயணிகள்.

சரி, வண்டிக்கு வருவோம். கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் ஓட்டுநர் சீட்டில் ஏறிப் பார்ப்பார்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்கள் பின்கதவைத் திறந்து பார்ப்பதிலிருந்து தொடங்குவது நல்லது. சீட்டின் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் விரலை விட்டுத் துழாவினால் இரண்டு இரும்புக் கம்பிகள் தட்டுப்பட வேண்டும். 6 மில்லிமீட்டர் தடிமன், ஒன்றுக்கொன்று 28 சென்டிமீட்டர் இடைவெளி; உலகம் முழுக்க இதே அளவு. ஐசோஃபிக்ஸ் என்பது இதுதான். குழந்தை இருக்கையின் அடியில் இருக்கும் கொக்கிகள் இந்தக் கம்பிகளில் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். பெல்ட்டைச் சுற்றிக் கட்டும்போது நேரும் தவறுகள் இதில் மிகவும் குறைவு.

அடுத்துப் பார்க்க வேண்டியது பின்சீட்டின் நடு இடத்தில் இருக்கும் பெல்ட். இடுப்பை மட்டும் சுற்றும் பழைய பெல்ட்டா, தோளுக்கும் வரும் மூன்றுமுனை பெல்ட்டா? இரண்டு குழந்தைகளின் இருக்கைகளும் இரு ஓரங்களைப் பிடித்துக்கொண்டால் நடுவில் உட்காரப்போவது பெரும்பாலும் பாட்டிதான். அவருக்கும் தோள் பெல்ட் வேண்டும். இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் அவர் உட்கார இடம் இருக்குமா என்பதை விளம்பரத் தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குழந்தை இருக்கையை முதலில் வாங்கி, அதை ஷோரூமுக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்துவிட்டு வண்டியை முடிவு செய்வதே புத்திசாலித்தனம். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தருமபுரிப் பக்கம் பொலிரோவுக்கு மவுசு அதிகம். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி மலையடிவாரச் சாலைகளுக்கு அந்த வண்டியின் உயரமும் உறுதியும் ஒத்துவரும். ஆனால் பின்கதவைத் திறந்தால், கடைசியில் இருப்பவை பக்கவாட்டில் எதிரெதிராகப் போட்ட சீட்டுகள். பக்கவாட்டு சீட்டில் குழந்தை இருக்கையைப் பொருத்தவே முடியாது. பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் நடுவரிசையில் உட்காரும் பழக்கத்தை மாற்றிக்கொண்டால்தான் அந்த வண்டி குடும்பத்துக்கு உதவும். ஏழு பேர் அமரும் மற்ற வண்டிகளிலும் மூன்றாம் வரிசையைக் கவனிக்க வேண்டும். அந்த வரிசைக்கும் பின்கதவுக்கும் இடையில் பல வண்டிகளில் ஒரு சாண் இடம்தான் மிஞ்சும். பின்னாலிருந்து மோதினால் நசுங்கி விசையை உறிஞ்ச அங்கே இடமே இல்லை. மூன்று அச்சு லாரி ஒன்று முழுச்சுமையுடன் 28.5 டன்வரை இருக்கலாம், சின்ன கார் 1 டன்னுக்குள். அந்த லாரி கட்டுப்பாடு இழந்து வந்தால் எந்த இருக்கையும் உத்தரவாதம் தராது. என்றாலும், தொப்பூர் வழியே அடிக்கடி போகிற குடும்பம் குழந்தைகளை நடுவரிசையில் வைத்துக்கொள்வதில் ஒரு தர்க்கம் இருக்கிறது.

மோதல் சோதனைகளில் கார்களுக்குத் தரும் நட்சத்திரங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு மாருதி ஆல்டோ 800, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ, டாடா நானோ ஆகிய ஐந்து இந்திய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டரில் மோதிச் சோதித்தது. ஐந்தும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம். 2018 டிசம்பரில் டாடா நெக்சான் ஐந்து நட்சத்திரம் வாங்கியபோது நாடே கொண்டாடியது. விளம்பரங்களில் பெரிதாகத் தெரிந்த அந்த ஐந்து, பெரியவர்களுக்கானது. குழந்தைப் பாதுகாப்பில் அதே கார் வாங்கியது மூன்று. இரண்டிலும் ஐந்து வாங்கிய முதல் கார்களாக ஃபோக்ஸ்வாகன் டைகுனும் ஸ்கோடா குஷாக்கும் 2022இல் வந்தன. 2023இல் சோதிக்கப்பட்ட வேகன்ஆருக்குக் குழந்தைப் பிரிவில் கிடைத்தது பூஜ்யம். 2024இல் பொலிரோ நியோவுக்கு ஒன்று. அதே ஆண்டில் புதிய டிசையர் பெரியவர்களுக்கு ஐந்தும் குழந்தைகளுக்கு நான்கும் பெற்றது.

2023 அக்டோபர் முதல் நம் நாட்டுக்கே சொந்தமாக பாரத் என்கேப் சோதனை நடக்கிறது. குழந்தைப் பாதுகாப்புக்கு அதில் 49 மதிப்பெண். ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைகளின் அளவில் செய்த பொம்மைகளை இருக்கையில் கட்டி மோதுவதற்கு 24. பலவகை இருக்கைகள் அந்த வண்டியில் ஒழுங்காகப் பொருந்துகின்றனவா என்பதற்கு 12. வண்டியில் இருக்கும் வசதிகளுக்கு 13. ஆக, வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை நட்சத்திரம்?" என்பதோடு முடிவதில்லை, "குழந்தைக்கு எத்தனை?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்தச் சோதனை கட்டாயமில்லை, நிறுவனங்கள் விரும்பி வந்தால்தான் நடக்கும். சோதனைக்கே வராத வண்டியை விற்பனையாளர் "செம ஸ்ட்ராங் பாடி சார்" என்று தட்டிக் காட்டினால், அந்தச் சத்தத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

நல்ல இருக்கையைத் தவறாகப் பொருத்தினால் காசும் வீண், காப்பும் வீண். வாங்கும்போது ஏஐஎஸ்-072 என்ற இந்தியத் தரக் குறியோ, வட்டத்துக்குள் 'இ' எழுத்தும் ஆர்44 அல்லது ஆர்129 என்ற எண்ணும் உள்ள ஐரோப்பிய முத்திரையோ இருக்கிறதா என்று ஒட்டுத்தாளைப் படிக்க வேண்டும். வீட்டில் தொட்டிலாகத் தூக்கிப்போகும் கேரிகாட் எல்லாம் காருக்கானவை ஆகிவிடாது. உறவினர் வீட்டிலிருந்து வந்த பழைய இருக்கை என்றால், அது விபத்தில் சிக்கியதா, எத்தனை ஆண்டு வெயிலில் கிடந்தது என்பது தெரியாமல் ஏற்றுக்கொள்வது சரியில்லை. பிளாஸ்டிக்கில் விழுந்த மயிரிழைக் கீறல் கண்ணுக்குத் தெரியாது.

பொருத்த ஏற்ற இடம் பின்சீட்டின் இடது ஓரம். நம் ஊரில் வண்டியை இடப்பக்கம் ஒதுக்குவதால், கிருஷ்ணகிரி சாலையோரம் நிறுத்தினாலும் லாரி ஓடும் பக்கம் போகாமல் குழந்தையை இறக்கலாம். ஐசோஃபிக்ஸ் இல்லாத வண்டியில் கார் பெல்ட்டாலேயே கட்ட வேண்டியிருக்கும். அப்போது பெல்ட் போகும் வழி இருக்கையிலேயே நிறம் காட்டிக் குறிக்கப்பட்டிருக்கும். பின்னோக்கி வைக்க நீலம், முன்னோக்கி வைக்க சிவப்பு என்பது பரவலான வழக்கம். முழங்காலை இருக்கையில் ஊன்றி முழு எடையையும் கொடுத்துக்கொண்டே பெல்ட்டை இழுத்து இறுக்க வேண்டும். பிறகு பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து அசைத்தால், இருக்கை எந்தப் பக்கமும் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது. மேல்நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்த்து 'ஆடுகிறதே' என்று பதறத் தேவையில்லை. அங்கே கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

முன்னோக்கிய இருக்கைகளின் முதுகிலிருந்து ஒரு பட்டை தொங்கும். அதை எதற்கென்று தெரியாமல் சுருட்டிப் பின்னால் செருகிவிடுகிறவர்கள் பலர். வண்டியின் பின்சீட்டுக்குப் பின்னாலோ டிக்கிப் பக்கமோ அதற்கென்றே ஒரு கொக்கி உண்டு. அதில் மாட்டி இறுக்கினால், மோதலில் குழந்தையின் தலை முன்னே பாயும் தூரம் 10 முதல் 15 சென்டிமீட்டர் குறையும். முன்சீட்டின் பின்பலகையில் மண்டை இடிக்குமா இடிக்காதா என்பதை முடிவு செய்ய அந்த இடைவெளியே போதும். பொருள் கட்டும் கொக்கியில் மாட்டிவிட்டால் அது அந்த விசையைத் தாங்காது. எது எது என்பதை வண்டியோடு வரும் கையேட்டில் பார்த்துவிடலாம்.

குழந்தையைக் கட்டும் வார்களுக்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. தோள் அருகே வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்க வேண்டும். மடிப்பு கிள்ள வந்தால் இன்னும் இறுக்கவேண்டும். பின்னோக்கிய இருக்கையில் வார் தோள்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ தொடங்க வேண்டும், முன்னோக்கியதில் தோள்மட்டத்திலோ சற்று மேலேயோ. நான்கைந்து வயதுக்குப் பிறகு வார் இருக்கை சிறிதாகிவிடும். உடனே கார் பெல்ட்டுக்கு மாற்றினால், இடுப்புப் பட்டை இடுப்பெலும்பில் நிற்காமல் வயிற்றின் மேல் ஏறும். மோதலில் அது குடலையும் முதுகெலும்பையும் காயப்படுத்தும். பிள்ளை ஏறக்குறைய 145 சென்டிமீட்டர் உயரம் வளரும்வரை, அதாவது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதுவரை, உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கை தேவை. இதை ஆறாம் வகுப்புப் பையனிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பது, பொறியியலைவிடக் கடினமான வேலை.

அழுகையும் ஒரு தடைதான். பெங்களூரில் வேலை பார்க்கும் தருமபுரிக்காரர்கள் பண்டிகைக்கு ஊர் வருகையில், ஓசூர் தாண்டும் முன்பே குழந்தை அழ ஆரம்பிக்க, அத்திப்பள்ளியிலேயே வாரைக் கழற்றிவிடுவது நடக்கிற கதை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் முதல் பயணத்திலிருந்தே இருக்கையில் வந்த குழந்தைக்கு அதுதான் கார். இடையில் பழக்குவதுதான் கஷ்டம். கைக்குழந்தையைத் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் சாய்ந்த நிலையில் வைத்திருக்கக் கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. தலை முன்னே கவிழ்ந்து மூச்சுவழி ஒடுங்கலாம். வழியில் ஓரிடத்தில் நிறுத்தி, பால் கொடுத்து, நீட்டிப் படுக்கவைத்துவிட்டுக் கிளம்பலாம். அதற்காகக் காரை வெயிலில் பூட்டி, "தூங்குதே, அஞ்சு நிமிஷம்தானே" என்று குழந்தையை உள்ளே விட்டுப் போவதை மட்டும் நினைத்தும் பார்க்கக்கூடாது. வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில், நிறுத்திய காருக்குள் அரை மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும்.

இத்தனையும் கார் உள்ளவர்களுக்கு. பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் பெரும்பாலான வீடுகளில் குடும்ப வண்டி என்றால் இருசக்கர வாகனம்தான். டிவிஎஸ் எக்ஸெலின் முன்பலகையில் ஒரு பிள்ளை நிற்கும், பின்னால் அம்மா, நடுவில் இன்னொன்று. அதற்கும் விதி வந்திருக்கிறது. 2022 பிப்ரவரி 15 அன்று அறிவிக்கப்பட்டு ஓராண்டில் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றிச்செல்லும்போது, குழந்தைக்கு அணிவித்து ஓட்டுநரோடு பிணைக்கும் வார்கச்சை வேண்டும். 9 மாதத்திலிருந்து 4 வயதுவரை தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. கச்சை 30 கிலோ எடையைத் தாங்கும் உறுதியான நைலானில் இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. வார்கச்சை குழந்தை தூங்கிச் சரிந்து விழுவதைத் தடுக்கும். ஹெல்மெட் தலையைக் காக்கும். காரின் இருக்கை தரும் காப்பை இரண்டும் சேர்ந்தாலும் தராது. ஆகவே மழைநாளிலும் இரவிலும் தொப்பூர் இறக்கத்திலும் சின்னக் குழந்தையோடு போக நேர்ந்தால், பஸ்ஸில் ஏறுவதே மேல்.